அடங்காத இரத்த அழுத்தமும் மருந்துத் தேர்வின் வரலாறும்

இன்றைய இடுகை சற்றே நீளமானது. ஒரே அமர்வில் படிக்க இயலாதவர்கள் இரண்டாகப் பிரித்துப் படித்துக்கொள்ளலாம்.

"ஒரு மாத்திரை போதவில்லை, இன்னொன்று சேர்க்கிறேன்" என்று மருத்துவர் சொல்லும்போது நம்மவர் முகம் வாடிவிடுகிறது. நோய் முற்றிவிட்டது என்றும், உடல் மருந்துக்குப் பழகிவிட்டது என்றும், மருத்துவர் தேவையின்றி மருந்தைத் திணிக்கிறார் என்றும் ஆளுக்கொரு விளக்கம் பிறக்கிறது. சிலர் புதிய மாத்திரையை வாங்கி வந்து மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்திவிட்டுப் பழையதை மட்டும் விழுங்குகிறார்கள். 2019ஆம் ஆண்டில் நடத்தப்பெற்ற தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோர் பத்துப் பேரில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. ஆகவே, ஐம்பது ஆசிரியர் பணியாற்றும் ஒரு பள்ளியில் இஃது எத்தனை பேரைத் தொடும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க மாணவர் உதவி தேவையில்லை.

நான் மருத்துவம் பயின்றவர் அல்லேன். எந்த மாத்திரையை எவர் உண்ண வேண்டும் என்று கூறும் தகுதி எனக்கில்லை. அதனை உங்கள் மருத்துவரே கூற வேண்டும். ஆயினும், ஏன் இரண்டாவது மாத்திரை, ஏன் இதனை விடுத்து அது என்ற வினாக்களுக்கு விடை வரலாற்றில் கிடக்கிறது. அந்த வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிகழ்ந்தது என்றாலும், அதன் ஒரு முக்கியக் கட்டம் பம்பாயில் நடந்தது. அண்மைய கட்டமொன்று இலங்கையில் நடந்தது.

இரத்தத்திற்கு அழுத்தம் உண்டு என்பதை அளந்து காட்டியவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர் ஒரு குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. இச்செய்தியை அவர் 1733ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். மனிதருக்கு இம்முறை உதவாது அல்லவா? 1896ஆம் ஆண்டில் இத்தாலியரான ரிவா ரொச்சி கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப்பட்டையை அமைத்தார். 1905ஆம் ஆண்டில் உருசிய மருத்துவர் கொரொட்கோவ் அப்பட்டையின்கீழ்ச் செவிக்குழலை வைத்துக் கேட்டால் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தனித்தனியே அறியலாம் என்று கண்டார். இன்றும் நம் கையில் கட்டப்படும் பட்டை அதன் வழித்தோன்றல்தான்.

கருவி வந்துவிட்டது. ஆனால் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது எவருக்கும் தெரியவில்லை. வியப்பு என்னவென்றால், உயர்ந்த அழுத்தம் ஆயுளைக் குறைக்கிறது என்பதை முதலில் கணக்குப் போட்டுக் கண்டுகொண்டவை அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள். மருத்துவ உலகமோ வேறுவிதமாக எண்ணிற்று. வயதாக ஆகக் குழாய்கள் தடித்துச் சுருங்குகின்றன. அவற்றின் வழியே மூளைக்கும் சிறுநீரகத்திற்கும் இரத்தத்தைத் தள்ள உடல் தானே அழுத்தத்தை உயர்த்திக்கொள்கிறது. அதைக் குறைத்தால் உறுப்புகள் பட்டினி கிடக்கும் என்பதே அன்றைய நம்பிக்கை. இந்நோய்க்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரே 'இன்றியமையாத' என்று பொருள்படும் சொல்லைத் தாங்கி நின்று இந்நம்பிக்கைக்குத் துணைபோயிற்று. 1931ஆம் ஆண்டில் பால் டட்லி வைட் போன்ற புகழ்பெற்ற இதய மருத்துவரே, உயர் அழுத்தம் உடலின் ஈடுசெய்யும் ஏற்பாடாக இருக்கக்கூடும், அதில் கைவைக்காதிருப்பதே நலம் என்று எழுதினார். ஒரு சொல்லின் பொருள் எவ்வளவு தூரம் அறிஞரையும் இழுத்துச் செல்லும் என்பதற்கு மொழியாசிரியர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அந்நம்பிக்கையின் விலை என்ன என்பதை ஒரு மனிதரின் எண்களைக் கொண்டு காணலாம். அமெரிக்க அதிபர் பிராங்ளின் ரூசுவெல்டின் இரத்த அழுத்தம் 1935ஆம் ஆண்டில் 136/78. 1937இல் 162/98. 1941இல் 188/105. அவருடைய தனி மருத்துவர் கடற்படையைச் சேர்ந்தவர். காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் தேர்ந்தவர். அதிபர் தம் வயதுக்கு ஏற்ற நலத்தோடு இருப்பதாகவே அவர் கூறி வந்தார். 1944ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இளம் இதய மருத்துவரான ஹோவார்டு புரூயென் பரிசோதித்தபோது அழுத்தம் 186/108. இதயம் வீங்கித் தளர்ந்திருந்தது. புரூயெனிடம் இருந்த ஆயுதங்கள் எவை? இதயத்திற்கு டிஜிட்டாலிஸ், உப்புக் குறைந்த உணவு, ஓய்வு, புகைத்தலைக் குறைத்தல், உறக்கத்திற்கு ஒரு மருந்து. அழுத்தத்தைத் திறம்படக் குறைக்கும் மாத்திரை என்று அவர் கையில் ஒன்றுமே இல்லை. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் தலை பிளப்பதுபோல் வலிக்கிறது என்று கூறிச் சாய்ந்தார். அப்போது அழுத்தம் 300/190. மூளையில் குருதி கசிந்து அன்றே மறைந்தார், வயது 63. இரு மாதங்களுக்கு முன் யால்ட்டாவில் அவருடன் அமர்ந்து உலகைப் பங்கிட்ட சுடாலின் 1953இல் இதே மூளைக் குருதிக்கசிவால்தான் இறந்தார். சர்ச்சிலும் பக்கவாதத்திற்குத் தப்பவில்லை. அந்த மாநாட்டுப் புகைப்படத்தைப் பாடநூலில் காணும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

உலகின் மிகவும் வலிமை வாய்ந்த மனிதருக்கே கிடைக்காத மருத்துவம் இன்று நம் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கிடைக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மருந்தில்லாக் காலத்தில் மருத்துவர்கள் கைகட்டி அமர்ந்திருக்கவும் இல்லை. காரணம், நோயின் கொடிய வடிவம் அவர்கள் கண்முன்னே ஆட்களை வீழ்த்திக்கொண்டிருந்தது. கண்ணின் உட்புறம் வீங்கும் அளவுக்கு அழுத்தம் ஏறியவர்களில் ஐவரில் ஏறத்தாழ நால்வர் ஓராண்டுக்குள் மாண்டனர் என்று 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள் எழுதினர். இது பல புற்றுநோய்களைக் காட்டிலும் மோசமான கணக்கு. ஆகவே எதையும் செய்து பார்க்கத் துணிந்தனர். பாசுட்டன் நகரில் சுமித்விக் என்ற அறுவை மருத்துவர் முதுகெலும்பின் இருபுறமும் செல்லும் நரம்புச் சங்கிலியை மார்பிலிருந்து இடுப்பு வரை வெட்டியெடுத்தார். சிலருக்கு அழுத்தம் குறைந்தது; எழுந்து நின்றால் மயங்கி விழுந்தனர். வேறு சிலர் காய்ச்சலை வரவழைக்கும் ஊசிகளைப் போட்டனர்.

இவற்றுக்கிடையே வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில், செருமனியிலிருந்து வந்த வால்டர் கெம்ப்னர் என்பவர் சோற்றைக் கையிலெடுத்தார். ஆம், சோறுதான்! வெள்ளைச் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. உப்பு அறவே கூடாது. இரண்டு வாரம் உண்டு வா என்று அவர் சொன்னதை அவருடைய செருமானிய உச்சரிப்பால் இரண்டு மாதம் என்று புரிந்துகொண்ட பெண்ணொருத்தி, இரண்டு மாதம் கழித்து வியக்கத்தக்க அளவில் தேறித் திரும்பினாள் என்று சொல்லப்படுகிறது. கதை எப்படியாயினும், 1940களில் கெம்ப்னர் காட்டிய கண்படங்களும் இதயப் படங்களும் உண்மையானவை. உயர் அழுத்தம் இறங்கக்கூடியது, இறங்கினால் உறுப்புகள் பட்டினி கிடப்பதில்லை, மாறாகத் தேறுகின்றன என்பதை அவை காட்டின. ஆனால் அந்த உணவைத் தொடர்ந்து உண்ணப் பெரும்பாலோரால் முடியவில்லை. உப்பில்லாச் சோற்றைச் சோறுண்ணும் குலத்தில் பிறந்த நம்மாலேயே முடியாது. அமெரிக்கரை எப்படிக் குறை கூறுவது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மருந்துகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் வந்த ஹெக்சாமெத்தோனியம் நரம்புச் செய்திகளையே மறித்தது. அழுத்தம் இறங்கியது உண்மை. கூடவே வாய் உலர்ந்தது, பார்வை மங்கியது, மலம் கட்டியது, எழுந்தால் தலை சுற்றியது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் ஹொரேசு சிமர்க் என்ற பேராசிரியர் இதனை ஊசியாகப் பலருக்குச் செலுத்தி, கொடிய அழுத்தத்தினின்றும் உயிர்களைக் காத்தார். சாவா, இத்தனை தொல்லைகளா என்ற தேர்வில் நோயாளிகள் தொல்லையைத் தேர்ந்தனர். ஆனால் உடலில் எந்த வலியும் உணராமல், எண் மட்டும் உயர்ந்திருக்கும் ஒருவரிடம் இம்மருந்தைக் கொடுத்தால் உண்பாரா?

இந்த இடத்தில்தான் இந்தியா வருகிறது. சர்ப்பகந்தா என்ற செடியின் வேர் பாம்புக்கடிக்கும் மனக்கலக்கத்திற்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போசு ஆகிய இருவரும் இவ்வேர் இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினர். பம்பாய் இதய மருத்துவர் ருசுதம் ஜால் வக்கீல் இதனைத் தம் நோயாளிகளிடம் முறையாகப் பயன்படுத்தி, எண்களைக் குறித்துவைத்து, 1949ஆம் ஆண்டில் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் கட்டுரையாக வெளியிட்டார். அதன் பிறகே மேலை நாடுகள் விழித்துக்கொண்டன. சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் 1952ஆம் ஆண்டில் வேரிலிருந்து ரெசெர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர்.

நம் மூலிகையின் பெருமை என்று இதனைச் சிலர் மின்னஞ்சலிலும் புலனத்திலும் பரப்புவதுண்டு. பெருமைதான், மறுப்பாரில்லை. ஆனால் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். ரெசெர்பின் மிகையாக உண்டவர்களுக்கு மூக்கடைத்தது. சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்தனர். மூலிகை என்பதால் அது தீங்கற்றதாகிவிடவில்லை. சிறிய அளவில், வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோதுதான் அது பயன் மிகுந்த மருந்தாயிற்று. 'சிறிய அளவில், வேறு மருந்துகளோடு சேர்த்து' என்ற இத்தொடரை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

1957, 1958ஆம் ஆண்டுகளில் பெரிய திருப்பம் நேர்ந்தது. மெர்க் நிறுவனத்தில் கார்ல் பேயர் முதலானோர் குளோரோதயசைடு என்ற மாத்திரையை உருவாக்கினர். அது சிறுநீரகத்தின் வழியே உப்பை வெளியேற்றியது. கெம்ப்னரின் உப்பில்லாச் சோறு செய்ததில் ஒரு பங்கை ஒரு சிறு மாத்திரை செய்தது. மயக்கம் இல்லை, வாய் உலர்வதில்லை, விலையும் மலிவு. 'தண்ணீர் மாத்திரை' என்று நம்மவர் அழைப்பது இக்குடும்பத்தைத்தான்.

இனிச் சான்று வேண்டும். மாத்திரை எண்ணைக் குறைக்கிறது, சரி, உயிரைக் காக்கிறதா? அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்டு பிரைசு என்பவர் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு மருந்து. மறு பிரிவினருக்கு மருந்தைப் போன்ற வெற்று மாத்திரை. 1967ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்குப் பக்கவாதம், இதயத் தளர்ச்சி போன்ற கடும் விளைவுகள். மருந்து உண்டவர்களில் 2 பேருக்கு மட்டுமே. 1970ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் பகுதி, கீழ் எண் 90 முதல் 114 வரை இருந்த 380 பேரிடமும், சிறப்பாக 105க்கு மேல் இருந்தவர்களிடம், நன்மை இருப்பதைக் காட்டியது. 'இன்றியமையாத' அழுத்தம் என்ற கோட்பாடு அத்தோடு சாய்ந்தது.

இவ்வாய்வில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பிரைசு கொடுத்தது ஒரு மருந்தன்று. உப்பை வெளியேற்றும் ஹைட்ரோகுளோரோதயசைடு, நம் சர்ப்பகந்தாவின் ரெசெர்பின், குழாயை விரிக்கும் ஹைட்ரலசின் ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டு. உயர் அழுத்தத்திற்கு மருந்து கொடுத்தால் உயிர் பிழைக்கும் என்று உலகுக்கு மெய்ப்பித்த முதற்பெரும் ஆய்வே மும்மருந்து ஆய்வுதான்!

ஏன் கூட்டு? உடல் ஒரு பிடிவாதக்காரப் பிள்ளை. ஒரு கதவை அடைத்தால் மறு கதவு வழியே ஓடும். குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்தால் இதயம் விரைந்து துடிக்கும், சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கும். சில வாரங்களில் அழுத்தம் பழைய இடத்திற்குத் திரும்பும். உப்பை வெளியேற்றும் மாத்திரையைக் கொடுத்தால், உப்புக் குறைந்தது என்று உடல் அஞ்சி ரெனின் என்ற பொருளைச் சுரந்து குழாய்களை இறுக்கும். ஒரு மருந்து தூண்டிவிடும் எதிர்விளைவை இன்னொரு மருந்து தடுக்க வேண்டும். மருந்தின் அளவை இரு மடங்காக்கினால் பயன் இரு மடங்காவதில்லை; பக்கவிளைவுகள்தாம் பெருகும்.

இத்தனை தெரிந்திருந்தும் அடுத்த முப்பதாண்டுகள் மருத்துவம் படிக்கட்டு முறையில் சென்றது. 1977ஆம் ஆண்டில் அமெரிக்க வல்லுநர் குழு வெளியிட்ட முதல் வழிகாட்டி, முதற்படியில் தண்ணீர் மாத்திரை, அடங்காவிட்டால் இரண்டாம் படியில் நரம்பின் தூண்டலைக் குறைக்கும் ஒரு மருந்து, மூன்றாம் படியில் ஹைட்ரலசின், நான்காம் படியில் இன்னொன்று என்று வகுத்தது. இரண்டாம் படிக்கு அப்போது புது வரவு ஒன்றும் இருந்தது. சுகாட்லாந்தைச் சேர்ந்த ஜேம்சு பிளாக் உருவாக்கி 1960களின் நடுவில் வெளிவந்த புரோப்ரனலால், இதயத்தின் துடிப்பைத் தணித்து அழுத்தத்தையும் குறைத்தது. பிளாக்கிற்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது.

படிக்கட்டு முறையை நான் குறைகூறமாட்டேன். எந்த மருந்து என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக அறிய அது உதவியது. 1979ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இங்குக் கருதத்தக்கது. 14 ஊர்களில் 10,940 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் தத்தம் வழக்கமான மருத்துவரிடம் சென்றனர். மறு பிரிவினர் சிறப்பு நிலையங்களில் படிக்கட்டு முறையில் மருத்துவம் பெற்றனர். மருந்து இலவசம், தேவைப்பட்டால் வாகனம், காத்திருக்கும் நேரம் குறைவு, வராதவரைத் தேடிப் பிடிக்கும் ஏற்பாடு. ஐந்தாண்டு முடிவில் இரண்டாம் பிரிவில் இறப்பு ஏறத்தாழ 17 விழுக்காடு குறைந்திருந்தது. இரு பிரிவினருக்கும் கிடைக்கக்கூடியவை அதே காலத்து மருந்துகள்தாம். புதிய மருந்தன்று, எண் இறங்கும்வரை விடாது அடுத்த படிக்கு நகர்த்திய ஒழுங்கே வேறுபாட்டை உண்டாக்கியது. நல்ல கவனிப்பே காரணம், மருந்து அன்று என்று சிலர் வாதிட்டனர். வகுப்பறையில் நிற்பவர்களுக்கு அவ்விரண்டையும் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பது தெரியும்.

ஆனால் நடைமுறையில் படிக்கட்டு என்பது பலருக்கு முதற்படியிலேயே நின்றுவிட்டது. "அடுத்த முறை பார்ப்போம்" என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் ஒருசேர வசதியான சொல். மூன்று மாதத்திற்கு ஒருமுறை சந்திப்பு. ஒவ்வொரு முறையும் 150, 152, 148. ஒவ்வொரு முறையும் அதே மாத்திரை. இப்படியே ஆண்டுகள் உருளும். மலேசியாவோ சிங்கப்பூரோ மட்டுமன்று, உலகெங்கும் இதுதான் கதை.

அதற்குள் வேறு மருந்துகள் வந்து சேர்ந்தன. பிரேசில் நாட்டு நஞ்சுப் பாம்பான சராராக்காவின் நஞ்சில், அழுத்தத்தை இறக்கும் பொருளொன்றைச் செர்சியோ பெரெய்ரா 1965ஆம் ஆண்டில் கண்டறிந்தார். இலண்டனில் ஜான் வேனின் ஆய்வகம் அதன் செயலை ஆராய்ந்தது. அமெரிக்காவின் சுகுவிப் நிறுவனத்தில் குசுமன், ஒந்தெட்டி இருவரும் அந்த நஞ்சு செய்வதைச் செய்யும் மாத்திரையை 1975ஆம் ஆண்டில் வடித்தனர். கேப்டோபிரில் என்று பெயர். 1981இல் ஒப்புதல் கிடைத்தபோது, வேறு மருந்துகளுக்கு அடங்காதவர்களுக்கே அது ஒதுக்கப்பட்டது. அளவு குறைந்த பிறகே பொது மருந்தாயிற்று. பாம்புக்கடிக்கு வேரென்றும், அழுத்தத்திற்குப் பாம்பென்றும் இவ்வரலாறு இருமுறை பாம்பைத் தொடுவது ஒரு விந்தை. இவ்வகை மாத்திரையால் வறட்டு இருமல் வருவோர் உண்டு. அவர்களுக்கு 1995இல் வெளிவந்த லோசார்டன் குடும்பம் உதவியது.

கால்சியத்தின் வழியை அடைக்கும் மருந்துகளும் வந்தன. இவற்றில் நிபெடிபின் என்ற விரைந்து செயற்படும் வில்லையை, அழுத்தம் மிக ஏறியவரின் நாவின்கீழ்ப் பிழிந்துவிடும் பழக்கம் ஒரு காலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. எண் சரசரவென்று இறங்கும், பார்ப்பவர் மகிழ்வர். ஆனால் திடீர் இறக்கத்தால் சிலருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் நேர்ந்தன. 1996ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் இப்பழக்கத்தை நிறுத்துக என்று கட்டுரை வந்தது. மெல்லச் செயற்படும் அம்லோடிபின் அதன் இடத்தைப் பிடித்தது. ஒரே நாளில் எண்ணை இறக்க வேண்டும் என்று பதறும் உறவினர்கள் இப்பகுதியை இருமுறை படிக்கலாம்.

எந்தக் குடும்பம் சிறந்தது என்ற போட்டி 2002ஆம் ஆண்டில் ஒருவாறு தீர்ந்தது. தண்ணீர் மாத்திரையான குளோர்தாலிடோன், அம்லோடிபின், லிசினோபிரில் ஆகிய மூன்றையும் 33,357 பேரிடம் ஒப்பிட்ட பேராய்வில், மாரடைப்பைத் தடுப்பதில் மூன்றும் சமம் என்று தெரிந்தது. விலை மலிந்த பழைய மாத்திரை எதற்கும் தாழ்ந்ததன்று. ஆய்வின் இறுதியில் அவர்கள் சராசரியாக இரண்டு மருந்துகளை உண்டுகொண்டிருந்தனர். ஆக, எந்த ஒரு மருந்து என்று கேட்பதைக் காட்டிலும் எந்த இரண்டு என்று கேட்பதே பொருத்தமான வினா.

அவ்வினாவுக்கு விடைகள் அடுத்தடுத்து வந்தன. 2008ஆம் ஆண்டில் 11,506 பேரிடம் நடந்த ஆய்வில், கேப்டோபிரில் குடும்பத்து மருந்தோடு தண்ணீர் மாத்திரையைச் சேர்ப்பதைக் காட்டிலும் அம்லோடிபினைச் சேர்ப்பது இதயத்திற்கு நல்லதாயிற்று. அதே ஆண்டில் இன்னோர் ஆய்வு, கேப்டோபிரில் குடும்பத்தையும் லோசார்டன் குடும்பத்தையும் ஒன்றாகக் கொடுத்தால் நன்மை கூடுவதில்லை, சிறுநீரகம்தான் துன்புறுகிறது என்று காட்டிற்று. இரண்டும் ஒரே கதவையே அடைப்பவை. இரு வேறு மருத்துவரிடம் செல்வோர் தம் மாத்திரைகள் அனைத்தையும் ஒரே பையில் எடுத்துச் சென்று காட்ட வேண்டியதன் காரணம் இதுவே. 2009ஆம் ஆண்டில், 42 ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டவர்கள், ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பதைவிட வேறு குடும்பத்து மருந்தைச் சேர்ப்பது ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுதலாக அழுத்தத்தைக் குறைக்கிறது என்று கண்டனர். மருத்துவர் "இன்னொன்று சேர்க்கிறேன்" என்பது தோல்வியின் அறிகுறியன்று, இக்கணக்கின் பயன்.

வயதானவர்க்கு அழுத்தம் சற்று ஏறியிருந்தால்தான் நல்லது என்று எண்ணுவோர் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அது 1931ஆம் ஆண்டுக் கோட்பாட்டின் எச்சம். 80 வயதைக் கடந்த 3,845 பேரிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. மருந்து உண்டவர்களிடம் இறப்பு 21 விழுக்காடு குறைவு. 2015ஆம் ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு மேல் எண்ணை 120க்குக் கீழ் இறக்கினால் 140ஐவிட நன்மை என்று காட்டியது. மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் அதில் சற்றுக் கூடின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எவருக்கு எந்த இலக்கு என்பது ஆளைப் பொறுத்தது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே அளவுச் சட்டை தைப்பதில்லை.

2018ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்குள்ள மருத்துவமனைகளில் 700 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம். மறு பிரிவினருக்கு டெல்மிசார்டன், அம்லோடிபின், குளோர்தாலிடோன் மூன்றையும் குறைந்த அளவில் அடக்கிய ஒரே மாத்திரை. ஆறு மாதத்தில் வழக்கமான பிரிவில் 55 விழுக்காட்டினர் இலக்கை எட்ட, மறு பிரிவில் 70 விழுக்காட்டினர் எட்டினர். மருந்தை மாற்ற வேண்டிய அளவுக்குப் பக்கவிளைவு கூடவும் இல்லை. 'சிறிய அளவில், வேறு மருந்துகளோடு சேர்த்து': பிரைசு அரை நூற்றாண்டுக்கு முன் செய்தது ஒரே வில்லைக்குள் வந்துவிட்டது. 2019ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இரு மருந்துக் கூட்டு வில்லைகளை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 'இன்றியமையா' என்ற சொல் இம்முறை சரியான இடத்தில் அமர்ந்தது.

மூன்று மருந்து முழு அளவில் உண்டும் அடங்காதவர் இருக்கிறார்கள். இங்கு மருத்துவர்கள் நான்காவதை எழுதுமுன் சிலவற்றைக் கேட்பார்கள். கேட்காவிட்டால் நாமே சொல்லிவிடுவது நலம். மாத்திரையை நாள்தோறும் உண்மையாகவே உண்கிறோமா? சிறுநீரைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில், அடங்கவில்லை என்று அனுப்பப்பட்டவர்களில் கணிசமானோர் மாத்திரையைத் தொடவே இல்லை என்று தெரிந்திருக்கிறது. வீட்டில் அளந்தால் எண் என்ன? மருத்துவரைக் கண்டதும் ஏறும் அழுத்தம் வேறு. முட்டிவலிக்கு மருந்துக் கடையில் வாங்கி விழுங்கும் வலிநிவாரணிகள் அழுத்தத்தை ஏற்றும். தொண்டைக்கு நல்லது என்று நாள்தோறும் கசாயமாக்கிக் குடிக்கும் அதிமதுரம் மிகுந்தால் அதுவும் ஏற்றும். உடலின் பொட்டாசியத்தையும் குறைக்கும். கருவாடு, ஊறுகாய், உடனடி மீ ஆகியவற்றின் உப்பை நான் சொல்ல வேண்டியதில்லை. உறக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதும் ஒரு காரணம். சிலருக்கு அட்ரினல் சுரப்பி அல்டோசுடெரோனை மிகையாகச் சுரக்கும். இந்நோயை 1950களின் நடுவில் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் விளக்கினார்.

இவை யாவும் கழிந்த பின்னும் அடங்காதவருக்கு எது நான்காவது? பிரிட்டனில் நடந்து 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு அழகான முறையில் அமைந்தது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் ஒவ்வொருவரும் ஸ்பைரோனோலாக்டோன், பிசோபுரோலால், டோக்சசோசின், வெற்று மாத்திரை நான்கையும் முறைக்குப் பன்னிரண்டு வாரம் மாற்றி மாற்றி உண்டனர். ஆளுக்கு ஆள் ஒப்பிடாமல் ஒருவரை அவரோடே ஒப்பிட்டனர். ஸ்பைரோனோலாக்டோன் தெளிவாக வென்றது. அது 1950களின் இறுதியில் பிறந்த பழைய மருந்து, அல்டோசுடெரோனைத் தடுப்பது. பொட்டாசியம் ஏறக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை வேண்டும். ஆடவர் சிலருக்கு மார்பு வீங்கி வலிக்கும்.

சுமித்விக்கின் கத்தியும் வேறு உருவில் திரும்பியிருக்கிறது. தொடை வழியே மெல்லிய குழாயைச் சிறுநீரகத் தமனிக்குள் செலுத்தி, அதைச் சுற்றியுள்ள நரம்புகளை மட்டும் சூட்டால் செயலிழக்கச் செய்கிறார்கள். 2014ஆம் ஆண்டில் 535 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு உண்மைச் சிகிச்சையும் மறு பிரிவினருக்குச் செய்வதுபோன்ற பாவனையும் நடந்தன. இரண்டுக்கும் கணிசமான வேறுபாடில்லை என்று தெரிந்ததும் பலர் இதனைக் கைவிட்டனர். கருவியைத் திருத்தி மீண்டும் நடத்திய ஆய்வுகளில் அழுத்தம் ஓரளவு இறங்கியது. 2023ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க மருந்து ஆணையம் இவ்வகைக் கருவிகள் இரண்டிற்கு ஒப்புதல் அளித்தது. அச்சிகிச்சை பெற்றவர்களிலும் பெரும்பாலோர் மாத்திரையைத் தொடரவே வேண்டியிருக்கிறது.